வசாய்க் கோட்டையில் சொஜ்ஜி பஜ்ஜி

என் அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போன இரண்டு கோஷ்டிகளும், "ஆத்துக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கின. அந்த லெட்டர்கள் இன்றுவரை எந்தத் தபால்காரர் கைக்கும் வரவில்லை. எட்டு வயதில் எனக்கிருந்த ஒரே உலக ஞானம் அதுதான்: லெட்டர் போடுகிறேன் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். மூன்றாவது தடவையும் அப்படி ஆனால் எங்கள் பேட்டையான மாதுங்காவில் தலைகாட்ட முடியாது என்று அம்மா அடுப்போடு பேசிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவதாகப் பெண் பார்க்க வரவிருந்த பிள்ளை ராணுவச் சாமான் டிப்போவில் குமாஸ்தா. யுத்த காலமாதலால் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிறு பார்த்து எங்கள் கட்டிடத்தின் கீழ் வீட்டில் அம்மை போட்டுவிட்டது. வேப்பிலை கட்டிய வாசலைத் தாண்டி யார் பெண் பார்க்க வருவார்கள்?

அப்பாவுக்குக் கோட்டைகள் என்றால் பித்து. "வசாய்க் கோட்டையிலே வெச்சுண்டா என்ன?" என்றார். அம்மா பார்த்த பார்வையில் அதைக் கட்டிய போர்த்துக்கீசியர்களே கோட்டையைக் காலி செய்துகொண்டு போயிருப்பார்கள்.

ஆனாலும் போனோம். சொஜ்ஜியும் பஜ்ஜியும் தூக்குப் பாத்திரத்தில் ரயிலேறின. பட்டுப் புடவையில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க, கழிமுகப் பாலத்தில் வண்டி தண்ணீருக்கு மேல் தனியாக மிதப்பது போலிருந்தது. பிறகு டாங்கா. குதிரைக் குளம்புச் சத்தத்தில் எனக்குப் பாதித் தூக்கம். கண் விழித்தபோது பச்சை வெளிச்சத்துக்குள் இருந்தோம். கருங்கல் சுவர்களை ஆலமர வேர்கள் கட்டிப் பிடித்திருந்தன. கூரையே இல்லாத ஒரு மாதா கோயில். மேலே கூரைக்குப் பதில் மேகங்கள் போய்க்கொண்டிருந்தன. கடல் கண்ணில் படவில்லை. எங்கோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பிள்ளையும் அவருடைய பெற்றோரும் ஜமக்காளத்தில் உட்கார்ந்ததும் அப்பா ஆரம்பித்துவிட்டார். "போர்த்துக்கீசியன் கட்டினது. நடுவிலே கொஞ்ச காலம் ஸ்பெயின் ராஜாவே இவாளுக்கும் ராஜா."

"ஸ்பெயினா?" என்று பிள்ளையின் அப்பா பஜ்ஜியை எடுத்தார். "காரை நன்னாத்தான் பூசியிருக்கான்."

"கடைசியிலே மராட்டாக்காரா மாசக்கணக்கா வளைச்சுண்டு, சுவருக்கடியிலே வெடி வெச்சுப் பொளந்துட்டா. எத்தனை பேர் செத்தா தெரியுமோ? இதோ, நாம உட்கார்ந்திருக்கோமே, இங்கேதான்."

"போறும், நல்ல காரியம் பேச வந்திருக்கோம்" என்று அம்மா பல்லைக் கடித்தாள். நானோ அதற்குள் ஜமக்காளத்தின் விளிம்பைத் தூக்கி அடியில் வெடி இருக்கிறதா என்று பார்த்தாகிவிட்டது.

அக்கா கல்யாணியில் ஒரு பாட்டு எடுத்தாள். எங்கள் கூடத்தில் பக்கத்து வீட்டுக் குழாய்ச் சத்தத்தோடு போட்டியிடும் அதே குரல், அங்கே அந்தக் கற்களில் பட்டு இரண்டாகத் திரும்பி வந்தது. புறாக்கள்கூட அடங்கின. பிள்ளை கையிலிருந்த சொஜ்ஜியை மறந்துவிட்டார். இந்தத் தடவை லெட்டர் கிடையாது என்று எனக்கே நம்பிக்கை வந்தது.

அப்போதுதான் அந்த உறுமல். முதலில் தம்பூரா போல. பிறகு சுவர்கள் எல்லாம் சேர்ந்து உறுமின. கூரையில்லாத ஆகாயத்தில், பனைமரத்தை உரசுகிற மாதிரி ஒரு விமானம்.

ஜப்பான்காரன் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குப்புறப் படு, காதைப் பொத்து, பல்லுக்கு நடுவில் ரப்பரைக் கடித்துக்கொள். ரப்பர் வீட்டில் இருந்தது. கையில் இருந்தது பஜ்ஜி. அதைக் கடித்துக்கொண்டே, "குண்டு! குண்டு!" என்று அலறிக் குப்புற விழுந்தேன். அடுத்த கணம் கோட்டையே என் முதுகில் இடிந்து விழுந்தது. நான் செத்துவிட்டேன். சாகிறபோது வாழைக்காய் ருசி தெரியும் என்பதைக் கண்டறிந்த முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

"நம்ம ப்ளேன்தான், நம்ம ப்ளேன்தான்!" என்று அப்பா நின்ற இடத்திலிருந்தே கத்தினார். பிள்ளையின் அப்பா தூக்குப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். பிள்ளையின் அம்மா சுவரோடு சுவராகக் கண்ணை மூடியிருந்தாள். என் முதுகின் மேலிருந்த கோட்டை மெதுவாக எழுந்து தூசி தட்டிக்கொண்டது. அந்தப் பிள்ளைதான்.

என் வெள்ளைச் சட்டையில் ரத்தம். "எனக்குக் குண்டு பட்டுடுத்து!" என்று நான் போட்ட கூச்சலில், அடங்கியிருந்த புறாக்கள் மொத்தமும் பறந்தன. அம்மா சட்டையைக் கழற்றி என்னைத் திருப்பித் திருப்பித் தேடினாள். அந்தப் பிள்ளை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்த சட்டைக் கையை மெல்ல இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டு பாதியிலே நின்னுடுத்து. சகுனம் சரியில்லே" என்றாள் பிள்ளையின் அம்மா. பிறகு அந்த வார்த்தை வந்தது. "ஆத்துக்குப் போய் லெட்டர் போடறோம்."

திரும்பி ரயிலேறினோம். என்னால்தான் போயிற்று என்று எனக்குத் தெரியும். ஆகவே பழியை வேறு தலையில் போடப் பார்த்தேன். "அந்த மாமாதான் பயந்தாங்கொள்ளி. தடியன் மாதிரி என் மேலே விழுந்துட்டார். அவர் நமக்கு வேண்டாம் அக்கா."

என் சட்டை அக்காவின் மடியில் இருந்தது. அதை நாலாக மடித்தாள். "அப்பா, எனக்குச் சம்மதம். நாளைக்கே நேரே போய்ச் சொல்லிட்டு வாங்கோ."

"பொண்ணாத்துக்காரா முதல்லே போய்ச் சொல்றதா?" அம்மா பதறினாள். "எந்த ஊர் வழக்கம்டீ இது?"

"கோட்டையிலே பொண் பார்த்தது எந்த ஊர் வழக்கமாம்?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது. கழிமுகத்துத் தண்ணீர் முழுக்கச் சிவந்து, வண்டியோடு கூடவே வந்தது. பாலம் முடிகிறவரை நான் என் கை கால்களையும் வயிற்றையும் தடவித் தடவித் தேடினேன். ஒரு கீறல்கூடக் கிடைக்கவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் காட்ட ஒன்றுமில்லையே என்று துக்கமாக இருந்தது. அப்படியானால் அந்த ரத்தம் யாருடையது என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.