சமாதான நீதவானுக்கு வந்த சந்தேகம்

இன்று மகள் கட்டிலில் படுத்தபடியே போனில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்து முடித்தாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் விண்ணப்பித்தபோது, படிவத்தை உறுதிப்படுத்தி ஒரு சமாதான நீதவான் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி நாள் மத்தியானம். புத்தூரில் எங்கள் ஒழுங்கையில் இருந்த நீதவான் வீட்டுக்குச் சைக்கிளில் ஓடினேன்.

அவர் சாவகாசமாகக் குளித்து, திருநீறு பூசி, கண்ணாடி போட்டுக்கொண்டு படிவத்தைப் படித்தார். 'பொறியியல்' என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

"பொம்பிளைப் பிள்ளை, பாலம் கட்டப் போறியோ?"

"ஓம் ஐயா."

"பேந்து ஆர் உன்னைக் கட்டுறது? கொப்பரைக் கூட்டிக்கொண்டு வா, கதைச்சுப் பாப்பம்." பேனையை மூடிவிட்டார்.

அப்பா வெங்காயத்தோடு சந்தைக்குப் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் தபால் கந்தோர் பூட்டிவிடும்.

குசினியிலிருந்து அவருடைய மனைவி மாப் பிசைந்த கையோடு வெளியே வந்தார்.

"உவள் உங்களிட்டைக் கையெழுத்தெல்லோ கேட்டவள்? மாப்பிள்ளையே கேட்டவள்?"

ஐயா பேனையைத் திறந்து கையெழுத்துப் போட்டார். கந்தோர்க் கதவை இழுத்து மூடப்போன நேரத்தில் பதிவுத் தபாலில் போட்டேன். இடமும் கிடைத்தது.

பிறகு அவர் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்: "உந்தப் பிள்ளையை நான்தான் இஞ்சினியர் ஆக்கினனான்."

மனைவி பக்கத்தில் நிற்காத இடங்களில் மட்டும்.

உங்களை 'ஆக்கியவர்' யார்? சொல்லுங்கள், சிரிப்போம்.