கைக்குட்டை போட்ட நாற்காலி

எங்கள் மலைப்பகுதியின் பாதைகளையும் ஊர்களையும் எவரும் பார்க்கக்கூடிய இணைய வரைபடத்தில் வரைந்து ஏற்றும் தன்னார்வக் குழு, ஞாயிறுதோறும் போடியில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் கூடும். அவரை அங்குதான் சந்தித்தேன். ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர். கழுத்துவரை பொத்தானிட்ட சட்டை, நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி. பஸ்சில் இடம் பிடிப்பதைப்போலப் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டு, புதிதாக வருபவருக்கென்று காத்துவைப்பார்.

ஒருமுறை போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டத்தில் வேலைசெய்யும் பெண் ஒருவர் அதில் அமர்ந்தார். தாம் குடியிருக்கும் லயத்தின், அந்த நீண்ட வரிசைக் குடியிருப்பின், வீடுகளை ஒவ்வொன்றாக வரைந்தார். புதியவர்களின் வேலையை மூத்தவர் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். குழுத் தலைவர் அத்தனை வீடுகளையும் அழித்து ஒரே கட்டமாக்கி, ‘தொழிலாளர் குடியிருப்பு’ என்று எழுதினார்.

“எங்க வீட்டக் காணோமேண்ணே?” என்றார் அந்தப் பெண்.

“எல்லாம் ஒரே கூரதானம்மா,” என்றார் தலைவர், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

“கூர ஒண்ணுதான். அடுப்பு வேற வேறல்ல?”

யாரோ சிரித்தார்கள். கைக்குட்டைக்காரர் மட்டும், “இரு ஆத்தா, திரும்ப வரைஞ்சிருவோம்,” என்றார்.

“தோட்டத்து ஜீப்பு போயிருங்கய்யா,” என்று எழுந்த பெண் பிறகு வரவேயில்லை.

கைக்குட்டைக்காரர் அவ்வீடுகளை மீண்டும் வரைந்தார். தலைவர் மீண்டும் அழித்தார். புதியவர்கள் ஏன் வருவதில்லை என்று இப்போது கூட்டந்தோறும் வருந்துகிறோம். சென்ற வாரம், உட்கார இடமில்லாமல் தலைவர் அந்த நாற்காலியை இழுத்தார்.

“ஆள் வருது,” என்றார் கைக்குட்டைக்காரர், துணியை எடுக்காமல்.

தலைவர் கடைசிவரை நின்றுகொண்டே பேசினார். கைக்குட்டைக்காரர் எங்களைத் தண்டிக்கிறாரா, உண்மையிலேயே அந்தப் பெண்ணை எதிர்பார்க்கிறாரா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.