பேசாதவர்களின் குடங்கள்

ஆராய்ச்சியில் சேர்ந்த அன்று பேராசிரியர் எங்கள் நால்வரிடமும் இரண்டு விஷயம் கேட்டார்: பின்னணி என்ன, ஆர்வம் எதில். ஒருவர் சதுரங்கம் ஆடுபவர். ஒருவர் ரேடியோவைக் கழற்றி மாட்டுபவர். மூன்றாமவரின் அப்பாவே கணிதப் பேராசிரியர். நான் கோவில்பட்டி என்றேன். அது எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அப்போது நாட்டில் இருந்த கம்ப்யூட்டர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றால் எதைச் செய்ய முடியும், எதை முடியாது என்று தாளில் யோசிப்பதுதான் எங்கள் வேலை. கோடை விடுமுறை முடிந்து வரும்போது ஆளுக்கொரு புதுக் கணக்கு சொந்தமாகக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் இடம் நீடிக்காது என்று சொல்லியிருந்தார்கள். இடம் போனால் எனக்கு ஊரில் கல்யாணப் பேச்சு காத்திருந்தது.

"மிஷினத் தொடாம மிஷின் படிப்பா? என்னட்டி படிப்பு அது?" என்றாள் அம்மா. விளக்கினேன். அவளுக்குக் கொட்டாவி வந்தது.

கணக்கு கிடைக்காமலே விடுமுறையின் கடைசி நாள் வந்தது. காலையில் குடத்தோடு தெருக்குழாய்க்குப் போனேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. அவசரக்காரர் தனக்கு நேர் முன்னால் உள்ள குடத்துக்காரியிடம் கேட்க வேண்டும். அவள் சரி என்றால் இரண்டு குடமும் இடம் மாறும். பிறகு அவளுக்கும் முன்னால் உள்ளவளிடம் கேட்க வேண்டும். நடுவில் யாரையும் விட்டுவிட்டுத் தாண்டக் கூடாது.

"தீப்பெட்டி ஆபீசுக்கு நேரமாச்சு. முன்ன வச்சுக்கிடட்டுமாட்டி?" என்றார் பின்னால் நின்ற எதிர்வீட்டு மைனி.

"வச்சுக்கோங்க மைனி."

குடத்தை எனக்கு முன்னால் வைத்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"அடுத்த ஆளையும் கேளுங்களேன்."

"அவகூட எனக்குப் பேச்சு கிடையாது."

முன்னால் நின்றவள் திரும்பாமல் வானத்தைப் பார்த்துச் சொன்னாள்: "நல்லதாப் போச்சு. காதாவது மிஞ்சுது."

நான் குடங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். பேசாத இரண்டு பேரின் குடங்கள் கடைசிவரை ஒன்றையொன்று தாண்டாது. மற்றவை மாறிக்கொள்ளலாம். அப்படியானால் இந்த வரிசையிலிருந்து வேறு எந்தெந்த வரிசைகள் வரும்? ஒரு வரிசையைக் காட்டினால், அது வருமா வராதா என்று குடத்தைத் தொடாமலே சொல்ல முடியுமா?

"அந்தப் புள்ளகிட்ட கேளுங்கக்கா, அதுக்கு இல்லைன்னு சொல்லத் தெரியாது" என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் தலையாட்டினேன். எனக்கு அங்கே ஒருவரோடும் சண்டை இல்லை. சண்டை போடும் அளவுக்குப் பழக்கமும் இல்லை. தண்ணீர் நின்றபோது என் குடம் கடைசியில் இருந்தது.

"ஊரே புடிச்சிட்டுப் போவுது, நீ வெறுங்குடத்தோட வாரியே!" என்றாள் வாசலில் அம்மா.

"கெடச்சிட்டும்மா" என்றேன்.

"என்னது?"

சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அவள் அடுத்த வீட்டில் அரைக்குடம் கேட்கப் போய்விட்டாள்.

ஆராய்ச்சிக்குத் திரும்பிப் போய், பேராசிரியர் முன்னால் கரும்பலகையில் குடங்களை எழுத்துகளாக எழுதினேன். பேசாத ஜோடிகளைக் கோட்டால் இணைத்தேன். பேராசிரியர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதையே தொடருங்கள்" என்றார். இது எங்கிருந்து வந்தது என்று கேட்பார் என நினைத்துப் பதில் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை.

அன்று மாலை விடுதிக் குழாயில் கூஜாவை வைத்தேன். முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லை. உடனே நிரம்பிவிட்டது.