பம்சேக்குப் பொறுக்கிக் கொடுத்த பிளம்ஸ்

போன சனிக்கிழமை என் மகள் ஒரு பாறையிலிருந்து சைக்கிளோடு கீழே போனாள். தவறி விழவில்லை, வேண்டுமென்றேதான் போனாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய நாயும் போனது. மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன் நான்.

அன்றைக்கு அந்தப் பாறையில் சைக்கிளோடு இறங்குவதில்லை என்று தாயிடம் சொல்லிவிட்டு வந்தவள் அவள். இறங்க வைத்தது நான்.

மகள் பெயர் ஆரபி. இங்கே ஒஸ்லோவில் பிறந்தவள், பொறியியலாளர். வேலை நாட்களில் கம்ப்யூட்டருக்கு முன்னால் வாய் திறக்காமல் இருக்கிற பிள்ளை. சனிக்கிழமை வந்தால் தடித்த ரயர் போட்ட சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்விடுவாள். ரோட்டில் ஓடுகிற சைக்கிள் என்று நினைத்துவிடாதீர்கள்… கல்லும் பாறையும் மர வேரும் கிடக்கிற ஒற்றையடிப் பாதையில், உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஓடியே இறங்குவது. நடப்பதற்கே மனிதர் யோசிக்கிற இடத்தில் சைக்கிள் எதற்கு? கேட்டால் சிரிப்பாள்.

கூடவே பம்சே. கறுப்பும் வெள்ளையுமாக, ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாத நாய்.

அதற்கு அவள் கொடுத்திருக்கிற பயிற்சியைப் பார்த்தால் பிள்ளை வளர்த்தவர்கள் வெட்கப்பட வேண்டும். ஒடுக்கமான பாதையில் நாய் முன்னால் ஓடினால் சைக்கிள் சில்லுக்குள் அகப்பட்டுவிடும். அதனால் எப்போதும் பின் சில்லுக்குப் பின்னால்தான். செங்குத்தான பாறை வந்தால் பம்சே மேலேயே உட்கார்ந்துவிடும். அவள் இறங்கி முடித்து, ஒதுங்கி நின்று குரல் கொடுத்த பிறகுதான் இறங்கும். இத்தனைக்கும் கோடை முழுக்க நாயைக் கட்டித்தான் கூட்டிப்போக வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். இப்போது அந்தக் காலமும் முடிந்து, மலையில் மேய்ந்த செம்மறிகளையும் கீழே இறக்கிவிட்டார்கள். பம்சேக்கு விடுதலை.

ஒருநாள் வந்து பாருங்கோ, பயம் போயிடும் என்று மகள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சரி என்றேன். போவதற்கு முதல் நாள் இரவு மழை பெய்துவிட்டது. என் மனைவிக்கு நித்திரை இல்லை. உச்சிக்குக் கிட்ட ஒரு பெரிய பாறை இருப்பதை மகளின் ஃபோனில் வீடியோவாகப் பார்த்தவள் அவள். ஈரமாக இருந்தால் அதில் ஓடாமல் இறங்கி நடக்க வேண்டும் என்று மகளிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். ஓம் அம்மா, ஈரப் பாறையிலை நானும் ஓடுறேல்லை என்று மகளும் சொன்னாள்.

ஆனாலும் தாய் மனம் கேட்குமா? விடிய எழும்பித் தலை முழுகி, பிள்ளையாருக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்துப் படைத்து, ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு என் கையில் தந்தாள். சைக்கிளில் ஏற முதல் பிள்ளை கட்டாயம் ஒரு வாயாவது சாப்பிட வேண்டும் என்பது உத்தரவு. ஆரபிக்குப் பிடிக்கும் என்று கஜுவும் பிளம்ஸும் அள்ளிப் போட்டிருந்தாள். பிளம்ஸ் என்று நாங்கள் சொல்வது உலர்ந்த முந்திரிகையை. இந்தியத் தமிழர்களின் உலர் திராட்சை; கஜு, அவர்களின் முந்திரிப் பருப்பு.

நாங்கள் இருக்கிற குரோருட்டிலிருந்து மூன்று மணி நேரக் கார் ஓட்டம். அதன் பிறகு ஏற்றம். அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டும் தோளில் தூக்கிக்கொண்டும் ஏறினாள். நான் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு ஏறினேன். பம்சே எங்கள் இருவருக்கும் நடுவில் ஓடி ஓடி அந்த மலையை இரண்டு தரம் ஏறியிருக்கும்.

உச்சியில் டப்பாவைத் திறந்தேன். வயிறு நிறைந்தால் ஓட ஏலாது, கீழே போய்ச் சாப்பிடுகிறேன் என்றாள். கெஞ்சிப் பார்த்தேன், பலிக்கவில்லை. முழங்காலுக்குக் கவசம் கட்டுவதும் பிரேக்கை அமத்திப் பார்ப்பதுமாக அவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

இந்தப் பக்கம் பம்சே. என் காலடியில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது.

மகள்தான் சாப்பிடவில்லை, அவளோடு ஓடுகிற ஜீவனாவது பிள்ளையார் பிரசாதம் சாப்பிடட்டுமே… இரண்டு பேரில் ஒருவருக்குக் காவல் கிடைத்தாலும் நல்லதுதானே? அதுவும் வெறும் சோற்றை எப்படிக் கொடுப்பது? எங்கள் வீடுகளில் செல்லப் பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி, பிளம்ஸை மட்டும் தேடித் தேடிப் பொறுக்கிக் கொடுத்தேன். ஒரு கை நிறைய இருக்கும். பம்சே என் விரலையும் நக்கித் துடைத்தது. மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

அப்போதுதான் ஆரபி திரும்பினாள்.

"அப்பா, என்ன குடுத்தனீங்கள்?"

பிளம்ஸ் என்றேன், பெருமையாக. எவ்வளவு என்று கேட்டாள். கையைக் குவித்துக் காட்டினேன். பிள்ளையின் முகத்தில் இரத்தம் இல்லாமல் போனதைப் பார்த்தேன்.

"அது நாய்க்கு நஞ்சு, அப்பா."

இடி விழுந்த மாதிரி என்பார்களே, அப்படித்தான் நின்றேன். நாய்க்குச் சொக்லேட் கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் பிளம்ஸ்? பாயசத்தில் போடுகிற, குழந்தைக்குக் கொடுக்கிற சாமான் நஞ்சா? அவள் பகிடி விடுகிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குள் அவள் மிருக வைத்தியருக்கு ஃபோன் எடுத்துவிட்டாள். நோர்வேயில் எங்கள் கட்டடத்தின் பேஸ்மென்டில் சிக்னல் கிடையாது, மலை உச்சியில் உண்டு.

வைத்தியர் சொன்னதை அவள் எனக்குச் சுருக்கமாகச் சொன்னாள். சில நாய்களுக்கு ஒன்றும் செய்யாது, சில நாய்களுக்குக் கொஞ்சமே போதும். எந்த நாய்க்கு எது என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. உடனே கொண்டுவந்தால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைக்கலாம். பிந்தினால் சிறுநீரகம் போய்விடும். சிகிச்சை நிலையம் அடிவாரத்திலிருந்து இன்னும் அரை மணி நேரக் கார் ஓட்டம்.

பம்சே வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. எப்போ ஓடத் தொடங்குவோம் என்பதுதான் அதன் ஒரே கவலை.

ஆரபி ஹெல்மெட்டை மாட்டினாள். பாறையைப் பார்த்தாள். மழைநீரில் அது பளபளவென்று இருந்தது. நடந்து இறங்குவதென்றால் சுற்றி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு, மெல்ல மெல்லத்தான் போகலாம்.

நட பிள்ளை என்று சொல்ல வாய் எடுத்தேன். சொன்னால் நாய் என்னாகும்? ஓடு என்று சொன்னால் மகள் என்னாவாள்? ஒரு தகப்பன் இந்த இரண்டில் எதைச் சொல்லுவான்… டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் போனாள். உடம்பை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி, கிட்டத்தட்டப் பின் சில்லின் மேல் படுத்தபடி போனாள். நடுவில் சில்லு ஒருதரம் பக்கவாட்டில் வழுக்கியது. என் வாயிலிருந்து வந்தது பிள்ளையாரின் பெயரா கெட்ட வார்த்தையா என்று தெரியவில்லை. சைக்கிள் நிமிர்ந்தது. கீழே போய் ஒதுங்கிக் குரல் கொடுத்தாள். அதுவரை மேலே உட்கார்ந்திருந்த பம்சே நாலு பாய்ச்சலில் அவளிடம் போய்ச் சேர்ந்தது. பிறகு இரண்டு புள்ளிகள் வளைவில் மறைந்துவிட்டன.

நான் தனியாக இறங்கினேன். பாதி வழியில் மனைவி ஃபோன் எடுத்தாள். பொங்கல் குடுத்தனீங்களோ என்று முதல் கேள்வி. ஓம், குடுத்தனான் என்றேன். அது பொய்யும் இல்லைத்தானே. பிள்ளையார் பாத்துக்கொள்ளுவார் என்று சொல்லி நிம்மதியாக ஃபோனை வைத்துவிட்டாள்.

கார் நின்ற இடத்தில் கார் இல்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஃபோனைப் பார்ப்பதும் வைப்பதுமாக… ஒரு நாய்க்காக நான் இப்படிப் பதைப்பேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

கடைசியில் மகள்தான் ஃபோன் எடுத்தாள். எல்லாவற்றையும் வாந்தி எடுத்துவிட்டதாம், அதில் ஒரு கஜுவும் இருந்ததாம். இரத்தம் சோதிக்க வேண்டும், சேலைன் ஏற்ற வேண்டும், இரண்டு நாள் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களாம்.

என்னை ஏற்ற வந்தவள் என்னைத் திட்டவில்லை. திட்டினால் ஆறுதலாக இருந்திருக்கும். ஒஸ்லோ கிட்ட வந்ததும் மெல்லச் சொன்னாள்.

"நான் விழுந்திடுவன் எண்டு எல்லாரும் பயந்தனீங்கள். அது நான் வருசக் கணக்காப் பழகினது. குடுக்க முதல் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம், அப்பா."

கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? கோபத்தில் ஒன்றைச் செய்வதென்றால் நாங்கள் பத்துத் தரம் யோசிப்போம். அன்பாகக் கொடுப்பதை யாரும் கேட்டுக் கொடுப்பதில்லை. விருந்துக்கு வந்த சர்க்கரை வியாதிக்காரரின் தட்டில், வேண்டாம் வேண்டாம் என்று அவர் கை மறிக்க மறிக்க இன்னொரு லட்டு வைக்கிற கை எங்களுடைய கை. பாறையைப் பார்த்து நடுங்குவோம், அந்தக் கையைப் பார்த்து ஒருநாளும் நடுங்கியதில்லை.

விஷயம் தெரிந்த பிறகு மனைவி என்னோடு கதைப்பதைக் குறைத்துவிட்டாள். அலுமாரியில் இருந்த பிளம்ஸ் போத்தல் குப்பைக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை பின்னேரம் பம்சேக்குத் துண்டு வெட்டி, வீட்டுக்குப் போகலாம் என்று விட்டார்கள். இரத்தத்தில் குறை ஒன்றும் இல்லையாம். மகள் நேரே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். முன்னங்காலில் சேலைன் ஏற்றிய இடத்தில் மயிர் வழித்திருந்தது. நான் அறை மூலையில் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பம்சே மகளை விட்டது, மனைவியையும் தாண்டியது. நேரே என்னிடம் வந்து, முன்னால் உட்கார்ந்து, ஆசையோடு என் கையைப் பார்த்தது.

நஞ்சு கொடுத்தவன் நான் என்று அதற்கு யார் சொல்வது? பம்சேயைக் கேட்டால், எங்கள் வீட்டில் நல்ல மனிதன் நான் ஒருத்தன்தான்.