ரசீனாவின் வாப்பா தைக்காத சட்டை

சிரட்டைக்கரி போட்டு உடுப்பு மினுக்கும் ‘மினுக்குப் பெட்டி’ ஈரத்துணியில் படும்போது எழும் ஆவியின் மணத்தோடுதான் ரசீனா என் நினைவில் வருகிறாள். அவளுடைய வாப்பா எங்கள் ஒழுங்கை முனையில் தையற்கடை வைத்திருந்தார். எங்கள் பள்ளிச் சட்டைகளையெல்லாம் அவர்தான் தைப்பார். ஐந்தாம் ஆண்டு வகுப்பில் நானும் ரசீனாவும் ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம்.

போர்க்காலத்தின் ஒரு மாரிக் காலையில், முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்று துவக்கோடு வந்தவர்கள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அவர்கள் எங்கள் ‘பெடியள்’, எங்களுக்காகப் போராடுவதாக இயக்கத்துக்குப் போனவர்கள். எங்கள் மொழியைப் பேசியவர்கள். கையில் அகப்பட்டதோடு சனம் எங்கள் படலையைக் கடந்து நடந்தது. வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த ரசீனா என்னைக் கண்டதும் நின்றாள்.

“உள்ளை வா பிள்ளை, உவையோடை கதைச்சால் எங்களுக்கும் கரைச்சல்” என்றார் அம்மா.

நான் படலையைச் சாத்தினேன்.

நாலைந்து நாள் கழித்து அயலவர்கள் அந்தக் கடைப் பூட்டை உடைத்தபோது, “தைக்கக் குடுத்த எங்கடை துணியைத்தானே எடுக்கப் போறன்” என்று சொல்லிப் போன அம்மா, எங்களுடையதல்லாத ஒரு நீலப் பூத்துணியையும் சேர்த்துக் கொண்டுவந்தார். பொங்கலுக்கு அது எனக்குச் சட்டையாயிற்று. வடிவாக இருக்கிறதென்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

இப்போது நான் சரித்திர ஆசிரியை. ஜெர்மனியில் யூதர்களை வீடுகளிலிருந்து பிடித்துக் கொண்டுபோய்க் கொன்ற பாடத்தைப் பல வருடங்களாக நடத்துகிறேன். ஹிட்லரைத் திட்டுவது எனக்கு இலகு. போன தவணையில் ஒரு மாணவி எழும்பி, “டீச்சர், அவையின்ரை சாமானெல்லாம் பிறகு ஆர் எடுத்தது?” என்று கேட்டாள்.

“பக்கத்து வீட்டுச் சனம்.”

“அவை கெட்ட சனமோ?”

சாக்கட்டியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்து, படலையைப் பற்றியும் பூத்துணியைப் பற்றியும் சொன்னேன். அங்கே கொன்றார்கள், இங்கே துரத்தினார்கள், இரண்டும் ஒன்றல்ல என்றுதான் தொடங்கினேன். அந்த வித்தியாசத்துக்குள் ஒளிந்துகொள்ள முடியவில்லை.

“அந்தச் சட்டையை என்ன செய்தனீங்கள்?”

“அளவு காணாமல் சின்னனாய்ப் போகுமட்டும் போட்டன்.”

அடுத்த நாள் அந்தப் பிள்ளையின் தாய் பாடசாலைக்கு வந்து, “பிள்ளையளுக்கு உதெல்லாம் ஏன் டீச்சர்?” என்று கேட்டார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். நான் பதில் சொல்லும்வரை அவர் நிற்கவில்லை.

சில குடும்பங்கள் திரும்பி வந்துவிட்டன. ரசீனாவின் குடும்பம் வரவில்லை. கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி விற்கிறார்கள். அந்தத் தையற்காரரின் பெயரை வகுப்பில் இன்னொரு பிள்ளை கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒழுங்கையில் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.