பூச்சட்டத்துக்குள் தவராசா அண்ணை

சனிக்கிழமை காலை, சுவிஸின் பீல் நகரில் உள்ள எங்கள் கடையின் பின்னறையில் நான் பார்சல் கட்டிக்கொண்டிருந்தபோது தவராசா அண்ணையின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், அழைத்தார். "தங்கச்சி, இவருக்கு இராவிலையே நெஞ்சு நொந்ததாம், விடியத்தான் சொன்னவர். ஆஸ்பத்திரியிலை காப்பாத்தேலாமல் போச்சு" என்றார். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். நூடில்ஸ் வரப் பிந்தும் என்பதை முகநூல் நேரலையில் ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர், தன் நெஞ்சு நோவதை விடியும்வரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

அண்ணையை அறிந்த உங்களுக்கு அவருடைய பிடிவாதத்தை நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் அவரோடு கூட்டாகக் கடை நடத்தியவள் நான். எங்கள் தமிழ்ச் சனத்தின் வியாபாரம் மட்டும் காணாதென்று, முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் பிலிப்பீன்ஸ் பெண்களை முகநூல் வழியாகக் கடைக்கு அழைப்பதென்று முடிவெடுத்தோம். அவர்கள் வேலை முடிந்து கைபேசியைத் திறக்கும் நேரம், விரும்பிப் பார்க்கும் காணொளிகள் எல்லாவற்றையும் படித்து நான் ஒரு திட்டம் தயாரித்தேன். அண்ணை அதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் படத்தை ஆரா நகரில் இருக்கும் ஒரு நண்பருக்கு அனுப்பிவிட்டார்.

அந்த நண்பர் கடை விளம்பரமும் செய்வார், மரண அறிவித்தலும் செய்வார். இரண்டுக்கும் அவரிடம் இருந்தது ஒரே அச்சுத்தான். கோட் போட்ட அண்ணை நடுவில், சுற்றிவரப் பூச்சட்டம், கீழே எரிகிற குத்துவிளக்கு, அதற்கும் கீழே பிலிப்பீன்ஸ் வினாகிரியும் நூடில்ஸும். மங்களமாக இருக்கிறதென்று அண்ணைக்குப் பெரிய சந்தோசம். நான் கண்ட நேரம் விளம்பரம் முகநூலில் போய்விட்டது.

கீழே அனுதாபச் செய்திகள் வந்து குவிந்தன. கைகூப்பிய படங்கள், மெழுகுதிரிகள். மறுநாள் மரிசெல் என்ற பெண் வெள்ளைப் பூங்கொத்தோடு கடைக்கு வந்து, இறந்தவர் கல்லாவில் நிற்பதைக் கண்டு வாசலிலேயே உறைந்துவிட்டாள். அண்ணை அவளை இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார். இருவரும் கண்ணீர் வரச் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

பூவை எடுங்கோ என்று எத்தனை தரம் கெஞ்சியிருப்பேன். "பூவில்லாட்டி அது வங்கி விளம்பரம் மாதிரிக் கிடக்கும். சனம் சாமானைப் பாத்து வாறேல்லை தங்கச்சி, ஆளைப் பாத்துத்தான் வரும்" என்பார். ஒவ்வொரு விலைக்கழிவுக்கும் அதே சட்டம், அதே விளக்கு. பிலிப்பீன்ஸ் பெண்களுக்கு அது ஒரு பகிடியாகவே ஆகிவிட்டது. "மறுபடியும் இறந்துவிட்டாரா? இந்த முறை எதற்கு விலைக்கழிவு?" என்று எழுதுவார்கள். செப்டெம்பரிலேயே அவர்களுக்கு யேசு பிறப்பின் நத்தார்க் கொண்டாட்டம் தொடங்கிவிடும் என்று அறிந்ததும், அந்தப் பூச்சட்டத்தின் தலையில் ஒரு நத்தார் நட்சத்திரத்தையும் ஏற்றினார். எங்கள் ஆட்கள் கடைக்கு வந்து, இதென்ன அபசகுனம் என்று என்னைத்தான் விசாரித்தார்கள்.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை நான் படாத பாடு பட்டேன். முறைப்படி பூவும் விளக்கும் வைத்து மரண அறிவித்தல் போட வேண்டும் என்றார் அக்கா. போட்டேன். சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. விலை கேட்டார்கள். மரிசெல் தனக்கு இரண்டு போத்தல் வினாகிரி எடுத்து வைக்கச் சொன்னாள். இது உண்மை என்று எழுதினேன்; அதற்கும் சிரித்தார்கள். ஆளில்லாத கடையில் நின்று அண்ணையை வாய்விட்டுத் திட்டினேன். செத்தும் என்னை நிம்மதியாக இருக்க விடாத மனிதர்.

புதன்கிழமை தகனம். அந்தப் பெண்கள் வராமல் அவரை அனுப்ப அக்காவுக்கு மனமில்லை. "அவையள் வந்தால்தான் அவருக்குச் சந்தோசம். எப்பிடியாவது நம்பப் பண்ணு" என்றார். எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. பூவை எடுத்தேன். விளக்கை எடுத்தேன். வெள்ளைத் தாளில் பெயரும் தகனம் நடக்கும் நேரமும் மட்டும் போட்டேன்.

சிரிப்பு நின்றது. சற்று நேரத்தில் மரிசெல் அழைத்தாள். பூ எங்கே என்று மட்டும் கேட்டாள். எடுத்துவிட்டேன் என்றேன். அவள் அழத் தொடங்கினாள்.

புதன்கிழமை அவர்கள் வேலை உடுப்போடு வந்தார்கள், ஆளுக்கொரு பூவோடு. பெட்டியைச் சுற்றி அவற்றை வரிசையாக அடுக்கினார்கள். தலைமாட்டில் மரிசெல் ஒரு சின்னக் கடதாசி நட்சத்திரத்தை வைத்தாள். அது என்ன என்று ஐயர் கேட்டபோது அக்கா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார்.

இப்போது செப்டெம்பர். நத்தார்ச் சாமான் வந்திறங்கியிருக்கிறது. பழைய பூச்சட்டத்தோடேயே விளம்பரம் போடட்டோ என்று அக்காவிடம் கேட்டேன். "போடம்மா. அவர் பூவை எடுக்க விடமாட்டார்" என்றார். அண்ணையிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தப் பூச்சட்டம்தான். அவரை அதற்குள் வைத்து, விளக்கையும் நட்சத்திரத்தையும் ஏற்றி, விளம்பரத்தைப் போட்டேன்.

முதலில் எழுதியவள் மரிசெல். "மறுபடியுமா? இந்த முறை எதற்கு விலைக்கழிவு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, நூடில்ஸுக்கு என்று பதில் எழுதினேன்.