செருமாமல் ஒரு பதிகம்

திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலில் நான் ஓதுவார். பதிகம் எடுப்பதற்கு முன் தொண்டையைச் செருமுவேன், நாலைந்து தடவை. காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. தொண்டைக்குழியில் கோழை பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு, விழுங்கினாலும் இறங்காமல், காறினாலும் வராமல் ஒன்றரை வருடம் குடியிருந்தது.

எங்கள் ஊரில் வைத்தியம் சொல்லாத ஆள் கிடையாது. படியோரம் பூ விற்கும் அம்மா, "தயிரு சாப்ட்டுகினு கீறியா? மொதல்ல அத்த வுடு சாமி" என்றார். விட்டேன். தயிர் சாதம் இல்லாத அந்தக் கோடையை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. சித்தரத்தையை மென்று மென்று நாக்கு மரத்ததுதான் மிச்சம். மேல் ஸ்தாயியில் குரல் உடைய ஆரம்பித்தது. இனிப் பாடவே முடியாமல் போய்விடுமோ என்று பயந்தேன். எனக்கு வேறு எதுவும் தெரியாது.

இதில் வேடிக்கை, குருக்கள் என் செருமலுக்குப் பழகிவிட்டார். அதைக் கேட்டால்தான் தீபத்தட்டைக் கையில் எடுப்பார்.

கடைசியில் செங்கல்பட்டில் ஒரு தொண்டை டாக்டரம்மாவிடம் போனேன். மூக்கு வழியாகச் சின்னக் குழாய் விட்டுப் பார்த்தார். "பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. மதியம் சாப்ட்டுட்டு இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

காலையிலிருந்து வெறும் வயிற்றோடு பாடுவது எங்கள் வீட்டு வழக்கம். உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்தியதும் புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும் கழுத்து வரை இறங்கும். கை ஈரம் காய்வதற்குள் மண்டபத்தில் துண்டை விரித்துவிடுவேன். கல் குளுகுளுவென்று இருக்கும். கிழக்கே, மாமல்லபுரம் பக்கம், கடல் ஒரு வெள்ளைக் கோடு. அங்கிருந்து கிளம்பிய காற்று மலையேறி வந்து காதுக்குள் நுழையும். தூக்கமா விழிப்பா தெரியாது. காலையில் பாடிய பதிகம் அலையாக மாறி வந்து வந்து போகும். நான் ஈர மணலில் கிடப்பேன். யாரோ தூரத்தில் என் குரலிலேயே பாடுவார்கள். அதைவிடச் சுகமான நேரம் என் வாழ்க்கையில் இல்லை.

"அதான் பேஜாரே," என்றார் டாக்டரம்மா. "சாப்ட்டதும் படுத்தா வயித்துப் புளிப்பு மேல ஏறும். தொண்டை தன்னைக் காப்பாத்திக்கக் கோழை சுரக்குது. நீங்க செருமச் செரும இன்னும் புண்ணாகி, இன்னும் சுரக்கும். வயிறு முட்டச் சாப்பிடாதீங்க. மூணு மணி நேரம் படுக்காதீங்க. செருமத் தோணிச்சுன்னா ஒரு வாய் தண்ணி முழுங்குங்க. பாவம், தயிரு ஒண்ணும் பண்ணல."

அதிலிருந்து தினமும் மதியம் அளவாகச் சாப்பிட்டுவிட்டு மண்டபத் தூணில் சாய்ந்து, டாக்டரம்மாவைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடல் அங்கேயே இருந்தது, கனவு மட்டும் வரவில்லை. இரண்டு மாதத்தில் பிசின் இளகியது. செருமும் பழக்கம்தான் போகவில்லை.

ஒரு திங்கட்கிழமை உச்சிக்காலத்தில் செருமப் போனவன் நிறுத்திக்கொண்டு, செம்பிலிருந்து ஒரு வாய் தண்ணீர் விழுங்கினேன். குருக்கள் தட்டைத் தொடாமல் காத்திருந்தார். கூட்டம் என்னைப் பார்த்தது. செம்பைக் கீழே வைத்தேன். கண்ணை மூடி முதல் சொல்லை விட்டேன். அது எங்கும் தட்டாமல் மேலே போனது. குருக்கள் பதறிப்போய்த் தட்டை எடுத்தார்.

விபூதி கொடுக்கும்போது சொன்னார்: "இத்தனை நாளா அந்தச் செருமல்தான் சுவாமி முன்னாடி வந்து நிக்கும். இன்னிக்கு நீங்களே வந்துட்டேள்."

அன்று கொஞ்சமாகத் தயிர் சாதம் சாப்பிட்டேன். பிறகு தூணில் சாய்ந்து, அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடி வெகுநேரம் அழுதேன். படுக்கவில்லை.